பிளம்பிநட்: நைஜர் குழந்தைகளின் 92 கிராம் பாக்கெட், ஒரு மதிப்பீடு

ஒரு பாக்கெட் 92 கிராம். அதில் 500 கிலோ கலோரி. மூலையைக் கிழித்துப் பிதுக்கினால் இளம்பழுப்பு நிறத்தில், இனிப்பான, நாக்கில் லேசாக நறநறக்கும் வேர்க்கடலைப் பசை வரும். சமைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம், தட்டும் கரண்டியும் வேண்டாம். நைஜர் நாட்டில் எலும்பும் தோலுமாகிவிட்ட ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை மீட்க இன்று பெரும்பாலும் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். பிளம்பிநட் என்பது பிரான்சின் நியூட்ரிசெட் நிறுவனம் வைத்த பெயர். அதே செய்முறையில் வேறு ஆலைகளும் தயாரிக்கின்றன. கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி எந்த ஆலைப் பாக்கெட்டுக்கும் பொருந்தும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளாக இதில் குறை சொல்ல அதிகமில்லை. சிக்கல் அதன் தோற்றத்தில் இருக்கிறது: இது மருந்து, பார்க்கத் தின்பண்டம். அளவு, தவணை, வாராவாரம் பரிசோதனை எல்லாம் மருந்துக்கு உரியவை. மணமும் ருசியும் தின்பண்டத்துக்கு உரியவை. நாலைந்து பிள்ளைகள் பசியோடு இருக்கும் வீட்டுக்கு இதைக் கொடுத்தனுப்பும்போது இந்த இரண்டும் மோதிக்கொள்கின்றன. நைஜரில் இந்தச் சிகிச்சை தோற்றுப்போகும் இடங்களைப் பார்த்தால் பல இந்த மோதலில்தான் வந்து நிற்கும்.

இது வருவதற்கு முன் என்ன நிலைமை என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். அப்போது இருந்தது எஃப்-100 என்ற பால்மாவு. சத்தில் பெரிய குறை இல்லை. ஆனால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும், கரைத்த சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் பாக்டீரியா பெருகிவிடும். அதனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. தாயும் பிள்ளையும் வாரக்கணக்கில் சிகிச்சை மையத்திலேயே தங்க வேண்டும். நைஜரில் ஊட்டக் குறைவு உச்சத்துக்குப் போவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. பழைய கம்பு தீர்ந்து புதுக் கதிர் வராத மாதங்கள். அதே மாதங்களில்தான் வயலில் களையெடுப்பு. ஒரு பிள்ளைக்காகத் தாய் மூன்று வாரம் மருத்துவமனையில் உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, அடுத்த ஆண்டுக்கான தானியமும் போய்விடும். பாதியில் கிளம்பிப் போன தாய்மார்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

1996-இல் ஆந்த்ரே பிரியாந் என்ற மருத்துவரும் நியூட்ரிசெட்டின் மிஷேல் லெஸ்கானும் அந்தப் பால்மாவில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வேர்க்கடலைப் பசையைச் சேர்த்தார்கள். சர்க்கரை, பால்தூள், வைட்டமின், தாது உப்பு எல்லாம் பொடியாகக் கொழுப்புக்குள் பொதிந்திருக்கும், ஈரம் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தண்ணீர் இல்லாத இடத்தில் பாக்டீரியா பெருக வழியில்லை. மொத்த சூட்சுமமும் இதுதான். சுத்தமான தண்ணீர், அடுப்பு, விறகு, குளிர்பெட்டி என்று வீட்டில் இல்லாத எதையும் இது கேட்பதில்லை.

2005-ஆம் ஆண்டு நைஜர் பஞ்சத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 60,000-க்கும் அதிகமான குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்தது. அதில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே தேறினார்கள். உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப், உலக உணவுத் திட்டம் ஆகியவை வீட்டுவழிச் சிகிச்சையை ஏற்றுக் கூட்டறிக்கை விட்டது 2007-இல். 2023-இல் இது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மருந்து என்று ஏட்டிலேயே ஏறிவிட்டது. வீடு வரைக்கும் அந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும்.

பாக்டீரியா பெருகாது என்றால் செத்துவிடும் என்று பொருளல்ல. சால்மோனெல்லா போன்றவை கொழுப்புக்குள் பல மாதம் உயிரோடு கிடக்கும். ஆலையில் கட்டுப்பாடு தளர்ந்தால் பாக்கெட்டுக்குள்ளேயே வரலாம். அதைவிட அடிக்கடி நடப்பது, கழுவாத கையால் பிதுக்குவதும், கிழித்த பாக்கெட்டை ஈ மொய்க்கும்படி போட்டு வைப்பதும். கிழித்த வாயை மடித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்து, அன்றைக்குள் தீர்த்துவிட வேண்டும். கை கழுவச் சோப்பும் சேர்த்துக் கொடுக்கும் மையங்கள் சரியான வேலை செய்கின்றன.

உள்ளடக்கம் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. 100 கிராமுக்கு 520 முதல் 550 கிலோ கலோரி, அதில் பாதியளவு கொழுப்பிலிருந்து. புரதத்தில் குறைந்தது பாதி பாலிலிருந்து வர வேண்டும் என்பது 2007 அறிக்கையின் நிபந்தனை. பொட்டாசியம், துத்தநாகம், இரும்பு, வைட்டமின் ஏ எல்லாம் சிகிச்சைக்குப் போதுமான அளவில் உள்ளேயே இருக்கின்றன. ஆகவே முழு அளவு சாப்பிடும் பிள்ளைக்குத் தனியாக இரும்பு மாத்திரை தேவையில்லை. வயிற்றுப்போக்கு என்றால் பழக்கதோஷத்தில் துத்தநாக மாத்திரையையும் எழுதிவிடுகிறார்கள், அதுவும் தேவையில்லை. சாதாரண உப்பு-சர்க்கரைக் கரைசலை இந்தப் பிள்ளைகளுக்குத் தாராளமாக ஊற்றுவது இன்னும் ஆபத்து. அதிலுள்ள சோடியத்தை அவர்களின் இதயம் தாங்காது. காலரா அல்லாத நீரிழப்புக்குச் சோடியம் குறைந்த தனிக் கரைசல் இருக்கிறது.

யாருக்குக் கொடுப்பது? ஆறு மாதம் முதல் 59 மாதம் வரை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது கூடவே கூடாது. அங்கே தாய்ப்பாலைச் சரிசெய்வதுதான் சிகிச்சை. மற்றவர்களுக்கு நுழைவாயில், மேல்கையின் சுற்றளவை அளக்கும் ஒரு நாடா. இடது கையை முழங்கையில் மடக்கி, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் நாடாவைச் சுற்ற வேண்டும். 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, கடுமையான நிலை. 115 முதல் 125 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. நாடா தோலில் பதிந்து பள்ளம் விழும்படி இழுத்தால் அளவு குறைவாகக் காட்டும். நாடாவுக்கும் தோலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கூடுதலாகக் காட்டும். 113-க்கும் 117-க்கும் இடையில்தான் ஒரு பிள்ளையின் சேர்க்கை தீர்மானமாகிறது. பரபரப்பான நாளில் ஒரே இழுப்பில் அளந்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவதுதான் நடக்கிறது. எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளையை மட்டுமாவது இரண்டு தரம் அளக்க வேண்டும்.

இன்னொரு நுழைவாயில் நீர்வீக்கம். இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால், நாடா என்ன காட்டினாலும் அது கடுமையான நிலை. முகம் உப்பி, கன்னம் பளபளத்து, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையைக் கூட்டத்தில் யாரும் நோயாளி என்று எண்ணுவதில்லை. பாதத்தை அழுத்திப் பார்க்காமல் விட்டுவிட்டால் நேராக மரணத்தில் கொண்டுபோய் விடும் தவறு இது.

அடுத்தது பசிச் சோதனை. முழுப் பயன்பாட்டிலும் மிக மலிவான பரிசோதனை இதுவே. நடைமுறையில் எளிதாக விட்டுப்போவதும் இதுவே என்பது வருத்தம். ஆரவாரமில்லாத ஒரு நிழலில் தாயை உட்கார வைக்க வேண்டும். தாய் கை கழுவ வேண்டும், பிள்ளையின் கையையும் முகத்தையும் கழுவ வேண்டும். பாக்கெட்டைத் திறப்பதற்கு முன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நன்றாகப் பிசைய வேண்டும். நைஜர் வெயிலில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், பிசையாமல் கிழித்தால் பிள்ளையின் வாயில் முதலில் போவது வெறும் எண்ணெய், உடனே துப்பிவிடும். பிறகு மூலையைக் கிழித்து, விரல்நுனி அளவு பிதுக்கி, பிள்ளையின் உதட்டில் வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் கட்டாயம், ஏனென்றால் பசை நாக்கில் ஒட்டிக்கொண்டு தாகம் எடுக்கும். திணிக்கக் கூடாது. 4 முதல் 7 கிலோ வரையிலான பிள்ளை கால் முதல் மூன்றில் ஒரு பங்கு பாக்கெட்டாவது அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தின்ன வேண்டும். 7 முதல் 10 கிலோ என்றால் மூன்றில் ஒரு பங்கு முதல் அரைப் பாக்கெட். தின்றுவிட்டால் வீட்டுக்கு. தின்னாவிட்டால், உடம்புக்குள் தொற்றோ வேறு கோளாறோ இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

நைஜரில் இதற்கு இரண்டு தளம். வெளிநோயாளி மையத்துக்குப் பிரெஞ்சு எழுத்துச் சுருக்கத்தில் க்ரெனாஸ், தங்கும் மையத்துக்குக் க்ரெனி. பசி இல்லாதவர்கள், வலிப்பு, சோர்ந்து மயங்கும் நிலை, கடும் காய்ச்சல், மூச்சிரைப்பு, உடம்பெங்கும் பரவிய நீர்வீக்கம் உள்ளவர்கள் எல்லாம் க்ரெனிக்கு. அங்கேயும் முதல் நாளே பிளம்பிநட் கொடுப்பதில்லை. 100 மில்லிக்கு 75 கிலோ கலோரி உள்ள, புரதமும் சோடியமும் குறைந்த எஃப்-75 பாலில் சில நாள் நிலைப்படுத்திவிட்டு, பசி திரும்பிய பிறகே பசைக்கு மாற்றுவார்கள். பட்டினியில் சுருங்கிப்போன உடம்பில் திடீரென்று சத்தைக் கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுபோகலாம். சத்தான பொருள்தானே, கொடுத்தால் நல்லதுதானே என்ற எண்ணம் இந்த இடத்தில் உயிரை வாங்கும்.

அளவுக்கு வருவோம். உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி என்பது நெடுநாள் கணக்கு. பரவலாகப் பின்பற்றப்படும் அட்டவணையில் 4 முதல் 5.4 கிலோ வரை நாளைக்கு 2 பாக்கெட், வாரத்துக்கு 14. 5.5 முதல் 6.9 வரை இரண்டரை, வாரத்துக்கு 18. 7 முதல் 8.4 வரை 3, வாரத்துக்கு 21. ஆறு கிலோப் பிள்ளை எட்டு வாரம் சிகிச்சையில் இருந்தால் 144 பாக்கெட் ஆகிறது. ஒரு அட்டைப்பெட்டியில் இருப்பது 150. பிள்ளைக்கு ஒரு பெட்டி என்று கணக்குப் போடுவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கடுமையான கட்டத்துக்கு கிலோவுக்கு 150 முதல் 185 கிலோ கலோரி என்று அளவைச் சற்றுக் குறைத்தது. பிள்ளை தேறத் தேற அளவைக் குறைக்கவும் இடம் கொடுத்திருக்கிறது. பாக்கெட் தட்டுப்பாடு உள்ள நாட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

வீட்டில் கொடுக்கும் முறையில் நாலு விஷயம் தாயின் மனதில் பதிய வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு முதலில் தாய்ப்பால், பிறகு பசை, கடைசியில்தான் வீட்டுச் சாப்பாடு. ஒரே தடவையில் முழுப் பாக்கெட்டைக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. ஒவ்வொரு வேளையும் குடிக்கத் தண்ணீர். கம்பங்கூழில் கலக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் வீடுகளில் எதிர்ப்பு வரும், ஏனென்றால் கலந்து கொடுப்பது இயல்பாகத் தோன்றும். கலந்த அந்த நொடியில் ஈரம் சேர்ந்துவிடுகிறது, பாக்டீரியாவுக்குக் கதவு திறந்துவிடுகிறது. கூழ் வயிற்றை அடைத்துவிடுவதால் பாக்கெட் மீந்துபோகிறது. கூழ் என்றாலே பொதுச்சட்டிச் சாப்பாடு, எல்லாக் கையும் அதில் இறங்கும்.

பங்கிடும் பிரச்சினையை ஒழுக்கக் குறைவு என்று பேசுவது எனக்கு ஒப்பாது. நோயாளிப் பிள்ளை இனிப்பைச் சப்பிக்கொண்டிருக்க, நாலு வயது அக்கா எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய் விரலை மடக்குவாள்? ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு கிலோப் பிள்ளைக்கு நாளைக்கு இரண்டரைப் பாக்கெட், 1,250 கிலோ கலோரி. மூன்று பேர் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 417. நோயாளிப் பிள்ளைக்குக் கிலோவுக்கு 69 மட்டும். அது எடை ஏறக் காணாது. உயிரைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். வாராவாரம் வந்துபோவாள் தாய், அட்டையில் எடை அதே இடத்தில் நிற்கும், பெட்டி மட்டும் காலியாகும். கண்டிப்பதால் இது தீராது. பஞ்ச மாதங்களில் வீட்டுக்கும் சேர்த்து ஒரு பங்குத் தானியம், பருப்பு, எண்ணெய் கொடுத்தால்தான் பாக்கெட் அந்தப் பிள்ளையின் வாய்க்குப் போகும். காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்வது நல்ல ஏற்பாடு. எத்தனை தீர்ந்தது என்று தெரியும், சந்தையில் விற்பனைக்குப் போவது குறையும், கிணற்றடியில் பிளாஸ்டிக் குப்பை சேராது. அதையே போலீஸ் விசாரணை மாதிரி நடத்தினால் அடுத்த வாரம் தாய் வரமாட்டாள்.

எடை ஏறாமல் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. வெளிநோயாளிப் பிள்ளை நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 கிராம் ஏறினால் நல்ல முன்னேற்றம். ஆறு கிலோவுக்கு அது வாரத்தில் 210 கிராம். தொங்கு தராசில் கோடுகள் 100 கிராமுக்கு ஒன்று என்பதால், ஒரு வார ஏற்றத்தை வைத்து எதுவும் தீர்மானிக்க முடியாது, இரண்டு வாரமாவது பார்க்க வேண்டும். மூன்றாவது வாரமும் அசையவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, காசநோய், எச்ஐவி, மலேரியா பரிசோதிப்பது என்று இறங்கிவிட வேண்டும். நைஜரில் மலேரியா உச்சம் மழைக்காலம், பஞ்சத்தின் உச்சமும் அதேதான். காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் விரல்நுனி ரத்தத்தில் துரித சோதனை செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஊட்டமற்ற உடம்பு காய்ச்சலைக்கூடக் காட்டாமல் போகலாம்.

நீர்வீக்கப் பிள்ளை விஷயம் நேர்மாறு. முதல் வாரத்தில் எடை குறையும். தேங்கிய நீர் சிறுநீராகப் போகிறது, அது நல்ல அறிகுறி. முன்கூட்டியே சொல்லாவிட்டால் தாய் பயந்துபோவாள்: வரும்போது உருண்டையாக இருந்த பிள்ளை ஒரு வாரத்தில் வற்றிப்போய் விலா எலும்பு தெரிகிறது, இந்தப் பசைதான் உருக்கிவிட்டது என்று நினைப்பாள். சேர்க்கும் நாளிலேயே இரண்டு நிமிடம் செலவழித்துச் சொல்லிவிட்டால் ஒரு பிள்ளை பாதியில் நின்றுபோவது தவிர்க்கப்படும்.

முதல் நாள் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பது வழக்கம். நைஜரின் மராடி பகுதியிலுள்ள மதரூன்ஃபாவில் 2,412 குழந்தைகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 66 சதவீதமும் வெற்று மருந்து எடுத்தவர்களில் 63 சதவீதமும் தேறினார்கள். தேறுவதில் பெரிய வித்தியாசமில்லை. மருத்துவமனைக்கு மாற்ற வேண்டிய நிலை மட்டும் சற்றுக் குறைந்தது. இந்த எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. ஒழுங்காகக் கண்காணித்த ஆய்விலேயே எட்டு வாரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறியது. நூற்றுக்குத் தொண்ணூறு என்று விளம்பரத் தொனியில் சொல்பவர்களிடம் எந்தப் பிள்ளைகளை, எத்தனை வாரம், எந்த அளவுகோலில் என்று கேட்க வேண்டும். ஒரு மையத்தை எடைபோட உலகெங்கும் பயன்படும் குறைந்தபட்ச அளவுகோல், தேறியோர் 75 சதவீதத்துக்கு மேல், இறந்தோர் 10-க்குக் கீழ், பாதியில் நின்றோர் 15-க்குக் கீழ். மூன்றாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அது பொருளின் தரத்தைக் காட்டாது. தாய் எத்தனை கிலோமீட்டர் நடந்து வருகிறாள், எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்கிறாள் என்பதைக் காட்டும். மையத்தின் வாராந்திர நாளைச் சந்தை நாளோடு சேர்த்து வைத்தால் ஒரே நடையில் இரண்டு வேலையும் முடியும்.

இனி கிடங்கு. ஒரு பெட்டியின் உள்சரக்கு 13.8 கிலோ. ஜூன் மாதத்தில் புதிதாக நூறு பிள்ளைகள் வரும் மையத்துக்கு அந்தக் கூட்டத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 1.4 டன் சரக்கு வேண்டும். ஆயுள் 24 மாதம். 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது விதி. ஏப்ரல், மே மாதங்களில் வெளியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், தகரக்கூரை அறைக்குள் அந்த விதி வெறும் எழுத்து. சூட்டில் வைட்டமின் ஏ, சி முதலில் சிதையும், கொழுப்பு காறிப்போகும். மூங்கில் தட்டி, ஓலை எதையாவது வைத்துக் கூரைக்குக் கீழே இன்னொரு அடுக்கு, எதிரெதிர்ச் சுவரில் காற்றுத் துளை, தரையிலிருந்து உயர்த்திய மரப்பலகை, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குதல் இவற்றைச் செய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். எலிக்கு இந்த மணம் என்றால் உயிர். முதலில் காலாவதியாகும் பெட்டி முதலில் வெளியே போக வேண்டும். முதலில் வந்தது முதலில் போவது என்பது இங்கே போதாது, பிந்தி வந்த சரக்குக்கு முந்தைய காலாவதித் தேதி இருக்கலாம். கிழிப்பதற்கு முன்பே எண்ணெய் கசியும் பாக்கெட்டை ஒதுக்கிவிடுங்கள். மேலே எண்ணெய் பிரிந்து நிற்பது மட்டும் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, பிசைந்தால் கலந்துவிடும்.

விலை பெட்டிக்கு 50 டாலரை ஒட்டி ஏறி இறங்குகிறது. நைஜர் பணத்தில் சுமார் 30,000 சிஎஃப்ஏ ஃபிராங்க். தாய்க்கு இலவசம்தான், ஆனால் யாரோ கட்ட வேண்டும், அந்த யாரோ பெரும்பாலும் வெளிநாட்டு நிதி. விலையின் பெரும்பங்கைத் தூக்குவது பால்தூள். தலைநகர் நியாமேயில் எஸ்டிஏ என்ற உள்நாட்டு ஆலை இதைத் தயாரிக்கிறது. வேர்க்கடலை விளையும் நாட்டில் வேர்க்கடலை மருந்தை அங்கேயே செய்வது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் பால்தூளும் வைட்டமின் கலவையும் இறக்குமதிதான். உள்ளூர்க் கடலையில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்கு ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும். அறுவடைக்குப் பின் ஈரத்தோடு குவித்துவைத்த கடலையில் அந்தப் பூஞ்சை பெருகும். ஆலை சோதித்து ஒதுக்கலாம், நஞ்சைத் தடுக்கக் களத்தில் காயவைப்பது முக்கியமான வழி.

நைஜருக்குக் கடல் இல்லை. பெனின் நாட்டின் கோத்தனூ துறைமுகத்திலிருந்து நியாமேக்குச் சாலைவழி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், அங்கிருந்து நாட்டின் கிழக்கே ஜிண்டர் நகருக்கு இன்னும் ஏறத்தாழ 900. 2023 ஜூலையில் ஆட்சி கவிழ்ந்து அண்டை நாட்டு எல்லைகள் மூடப்பட்டபோது நிவாரணச் சரக்குக் கொள்கலன்கள் வழியில் தேங்கி நின்றன. ஊட்டக் குறைவு உச்சத்தில் இருக்கும் மாதம் அது. 2025-இல் அமெரிக்க உதவி வெட்டப்பட்டபோது தயாரித்த பெட்டிகள் அந்நாட்டு ஆலைக் கிடங்குகளிலேயே கிடந்தன. ஒரு மையத்தில் இரண்டு வாரம் சரக்கு இல்லாமல் போனால், சிகிச்சையில் இருந்த பிள்ளைகள் ஏறிய எடையை இழப்பார்கள். அதைவிட மோசம், இருபது கிலோமீட்டர் நடந்து வந்து வெறுங்கையோடு திரும்பிய தாய் அந்த ஊரில் சொல்லும் சேதி. ஜூன் மாதச் சரக்கு மே மாதக் கடைசிக்குள் மாவட்டக் கிடங்கில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் மழை தொடங்கியதும் மண்சாலைகளில் லாரி போகாது.

தடுப்பு மருந்தாக இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2006-இல் மராடியில் பன்னிரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு பாதியில் நலமாக இருந்த பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் மூன்று மாதம் கொடுத்ததில், மெலிவு 36 சதவீதமும் கடுமையான மெலிவு 58 சதவீதமும் குறைந்தது. பலன் உண்டு, ஆனால் நாடு முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் நாளொரு பாக்கெட் என்பது கட்டுப்படியாகாது. தடுப்புக்கென்று 20 கிராம் அளவில் சிறு பாக்கெட்டுகள் வேறு வந்துவிட்டன. சிகிச்சைப் பாக்கெட்டை அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

சிகிச்சை முடிப்பது நாடா 125 காட்டி, அடுத்தடுத்த இரண்டு வருகையிலும் அப்படியே நின்று, நீர்வீக்கம் இரண்டு வாரமாக இல்லாமல் இருந்தால். தேறிய பிள்ளை திரும்பிப் போவது அதே கம்புக்களிக்கும் அதே கிணற்றுத் தண்ணீருக்கும் என்பதால் மறுபடி மெலிவது அடிக்கடி நடக்கிறது. பாக்கெட் அந்த வீட்டின் களஞ்சியத்தை நிரப்பாது. ஜிண்டர் பகுதியின் மிர்ரியாவில் தாய்மார்கள் கையிலேயே நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் இன்னும் மோசமாவதற்கு முன்பே மையத்துக்கு வந்தார்கள், தங்கும் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் குறைந்தார்கள், செலவும் குறைந்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, நிறம் தெரிந்தால் போதும். ஆகவே விடைகொடுக்கும் நாளில் கடைசி வாரப் பாக்கெட்டுகளோடு ஒரு நாடாவையும் தாயிடம் கொடுத்து, அங்கேயே ஒரு தரம் அளந்து காட்டச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை, பஞ்ச மாதங்களில் வாரம் ஒருமுறை அளக்கட்டும். பச்சை மஞ்சளாக மாறிய அன்றே வந்துவிட வேண்டும், சிவப்பாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.